கேள்வி எண் 22

1920களில் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் நிரப்ப வேண்டியிருந்த படிவத்தில் 22ஆம் கேள்வி இது: தேவைப்பட்டால் இந்த நாட்டைக் காக்க ஆயுதம் எடுக்கத் தயாரா? பெரும்பாலானவர்கள் ‘ஆம்’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். 1926இல் அந்தக் கேள்வியைத் தாண்ட முடியாமல் நின்றவர் ரோசிக்கா ஷ்விம்மர். புடாபெஸ்ட்டில் பிறந்தவர். பெண்களின் வாக்குரிமைக்காகவும் போருக்கு எதிராகவும் ஐரோப்பிய மேடைகளில் பேசியவர். 1915இல் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டைச் சம்மதிக்கவைத்து, அட்லாண்டிக்கின் குறுக்கே ஒரு சமாதானக் கப்பலையே புறப்பட வைத்தவர். தன் கையால் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று அவர் பதில் எழுதினார். அரசியல் சட்டத்தை ஏற்கிறேன், சட்டத்துக்குக் கட்டுப்படுவேன், பழைய நாட்டின் மீதான விசுவாசத்தைத் துறக்கவும் தடையில்லை, ஆயுதம் மட்டும் முடியாது என்பது அவர் நிலை. வயது அப்போது ஐம்பதை நெருங்கியிருந்தது. அமெரிக்கா பெண்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததில்லை. அந்த வயது ஆண்களையும் போர்முனைக்கு இழுத்ததில்லை. அவர் கையில் எவரும் ஒருநாளும் துப்பாக்கியைத் திணிக்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் 1929 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், அவருக்குக் குடியுரிமை கிடையாது என்று தீர்த்தது.

இது பழைய கதை என்று ஒதுக்க முடியவில்லை. குடியேறியவர்களை ஏற்றுக்கொள்ளும் நாடுகள் பலவும் இன்றும் கடைசிப் படியில் ஒரு சத்தியத்தைக் கேட்கின்றன. ஆண்டுக்கணக்கில் வரி கட்டி, கைரேகை கொடுத்து, அந்நாட்டு வரலாற்றை மனப்பாடம் செய்து நேர்காணலில் தேறிய ஒருவர், முன்பின் தெரியாத பல பேரோடு ஒரு மண்டபத்தில் எழுந்து நின்று வலது கையைத் தூக்குகிறார். அந்தக் கணத்தில் அவர் எதைக் கொடுக்கிறார்? எதைக் கேட்கும் உரிமை அந்த நாட்டுக்கு உண்டு? நடத்தையைக் கேட்கலாம்: சட்டத்தை மீறாதே, வரியை ஏய்க்காதே, உன் அயலாரின் உரிமையில் கை வைக்காதே. உழைப்பையும் கேட்கலாம், ஆபத்துக் காலத்தில் பெரும் உழைப்பையே கேட்கலாம். ஆனால் எது சரி, எது தவறு என்று தீர்மானிக்கும் கடைசி உரிமையை முன்கூட்டியே எழுதித்தா என்று கேட்க முடியாது என்பது என் வாதம். அப்படிக் கேட்பது இரக்கமற்றது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அப்படிக் கேட்டு வாங்கப்படும் சத்தியம் சத்தியமாகவே இருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

தமிழில் உண்மைக்கும் ஆணையிட்டுச் சொல்வதற்கும் ஒரே சொல்தான், சத்தியம். நம் ஊர்களில் அதைச் செய்யும் விதத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். களவு போன நகைக்காகவோ வாய்க்கால் தண்ணீருக்காகவோ தகராறு முற்றி, சாட்சி யாரும் இல்லாமல் போகும்போது, கோயிலுக்கு வா, கற்பூரத்தை அணைத்துச் சொல் என்பார்கள். சன்னதியின் முன் சூடம் எரிகிறது. ஒருவர் உள்ளங்கையால் அந்தச் சுடரை அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்கிறார். கூட்டம் கலைகிறது. பஞ்சாயத்தார் அதற்கு மேல் எதுவும் செய்வதில்லை, அவர்களால் செய்யவும் முடியாது. சத்தியம் கேட்டவன் இனிக் காத்திருக்கத்தான் வேண்டும். கேட்க வேண்டியதைத் தெய்வம் கேட்டுக்கொள்ளும். கவனித்தால் தெரியும்: கேட்பவனுடைய அதிகாரம் எங்கே முடிகிறதோ அங்கேதான் சத்தியம் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் செயலுக்குச் சாட்சி இருக்கிறது, காவல் இருக்கிறது, தண்டனை இருக்கிறது. சத்தியம் தேவைப்படுவது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு, ஒருவர் தன் நெஞ்சோடு தனியாக இருக்கும் இடத்துக்கு. நெஞ்சறிந்த பொய்யைச் சொன்னவரை அந்த நெஞ்சே பிறகு சுடும் என்று வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதும் இந்த இடத்தைப் பற்றித்தான். ஓர் அரசு வெறும் கீழ்ப்படிதலை மட்டும் விரும்பினால் அதற்குச் சட்டப் புத்தகமே போதும். அதற்கு மேல் சத்தியத்தையும் கேட்கும்போது, தன் கை எட்டாத இடத்தில் காவல் இருக்கும்படி அந்த மனிதரின் மனசாட்சியை உதவிக்குக் கூப்பிடுகிறது. உதவிக்குக் கூப்பிட்டவரையே மண்டியிடச் சொல்வதுதான் 22ஆம் கேள்வியில் நடந்தது.

ஷ்விம்மருக்கு அடுத்து 1931இல் வந்த இரண்டு வழக்குகள் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. டக்ளஸ் மெக்கின்டாஷ் கனடாவில் பிறந்தவர், யேல் பல்கலைக்கழகத்தில் இறையியல் பேராசிரியர். முதல் உலகப் போரில் கனடியப் படையோடு குருவாகப் போனவர். போரே கூடாது என்ற கட்சி அவர் அல்ல. ஆயுதம் எடுக்கத் தயார், ஆனால் அந்தப் போர் தேவைதானா என்று தீர்மானிக்கும் சுதந்திரம் எனக்கு வேண்டும் என்று எழுதினார். மேரி பிளாண்ட் கனடாவிலிருந்து வந்த செவிலி. போர்க்காலத்தில் பிரான்ஸுக்குப் போய் அமெரிக்கப் படைவீரர்களுக்கு மருத்துவப் பணி செய்தவர். சத்தியத்தில், கிறிஸ்தவளாகிய என் மனசாட்சி அனுமதிக்கும் அளவுக்கு என்று ஒரு சொற்றொடரை எழுத்தில் சேர்க்க அனுமதித்தால் எடுக்கிறேன் என்றார். இருவருக்கும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறுப்பு. தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லண்ட், நாட்டுக்கு நிபந்தனையற்ற விசுவாசம் காட்டுவதும் அதன் சட்டங்களுக்குக் கட்டுப்படுவதும் கடவுளின் சித்தத்துக்கு முரணானவை அல்ல என்ற எண்ணத்தின் மேல்தான் இந்த நாடு நடக்க வேண்டியிருக்கிறது என்றார். அப்படியானால் கடவுளின் சித்தம் என்ன என்று ஒரு பேராசிரியருக்கும் ஒரு செவிலிக்கும் சொல்லித்தரும் வேலையை அரசு எடுத்துக்கொண்டது என்றுதான் பொருள். தலைமை நீதிபதி ஹியூஸ் மாற்றுத் தீர்ப்பில் இதைத்தான் எதிர்த்தார். கடவுளோடு மனிதருக்குள்ள உறவிலிருந்து பிறக்கும் கடமை, மனித உறவுகளிலிருந்து வரும் எந்தக் கடமையையும்விட உயர்ந்தது என்பதுதான் சமய நம்பிக்கையின் சாரம். அந்தச் சாரத்தைக் கைவிடுவேன் என்று ஒருவர் சொன்னால்தான் குடியுரிமை என்பது நியாயமில்லை என்றார். அமெரிக்கக் குடியுரிமைச் சத்தியம் கடவுளின் துணையை வேண்டி முடிகிறது. எவரைச் சாட்சியாக அழைக்கிறோமோ அவரைவிட அரசு பெரியது என்று அவர் முன்னாலேயே சொல்லச் சொன்னால், அந்தச் சாட்சிக்கு என்ன மதிப்பு மிஞ்சும்?

முதலில் வரக்கூடிய மறுப்பு எளிமையானது, பலரும் உண்மையாகவே நம்புவது. குடியுரிமை விண்ணப்பிப்பவரின் உரிமை அல்ல, அந்த நாடு தரும் சலுகை. வீட்டுக்காரர் சொல்லும் நிபந்தனை பிடிக்கவில்லை என்றால் வந்தவர் வேறு வீடு பார்க்கலாமே. இதில் ஒரு பகுதி உண்மை. யாரை ஏற்பது என்று முடிவுசெய்யும் அதிகாரம் ஒரு நாட்டுக்கு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வீட்டுக்காரர் என்ற உவமை எங்கே சறுக்குகிறது என்றால், அந்த வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்கள் அதே நிபந்தனைக்கு ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. ஜான் லாக் 1689இல் வெளியான நூலில், ஒரு நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அமைதியாக வாழ்வதால் மட்டும் ஒருவர் அதன் உறுப்பினர் ஆகிவிட முடியாது, வெளிப்படையான வாக்குறுதி வேண்டும் என்று எழுதினார். சமூக ஒப்பந்தம் பேசிய தத்துவ ஞானிகள் பலரும் தடுமாறிய இடம் அது, ஏனென்றால் பிறந்த மண்ணில் வாழ்கிறவர் எவரும் அப்படி வாக்குறுதி தந்ததில்லை. 1748இல் டேவிட் ஹ்யூம் அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டார். வேற்று மொழியும் பழக்கமும் அறியாமல் அன்றாடக் கூலியில் பிழைக்கும் ஏழையைப் பார்த்து, நீ இங்கேயே இருப்பதால் சம்மதித்துவிட்டாய் என்பது, தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவனைப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் கடலில் குதிக்கலாமே, குதிக்காததால் மாலுமிக்குக் கட்டுப்படச் சம்மதித்தாய் என்பது போல என்றார். இரண்டு பேரையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இது: ஒரு நாட்டில் சமூக ஒப்பந்தத்தை உண்மையாகவே, விழித்த கண்ணோடு, வாயால் சொல்லிச் செய்துகொண்டவர் குடியேறியவர் ஒருவர்தான். அவரிடம் மட்டும் ஒப்பந்தத்தின் எல்லையைக் குறைக்காமல் கூட்டிக்கொண்டே போவது எந்த நியாயத்தில் சேரும்?

இந்த ஏற்றத்தாழ்வைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் ஒகினாவாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். டெஸ்மண்ட் டாஸ் வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க்கில் பிறந்தவர், ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். கொல்லக் கூடாது என்ற கட்டளைக்காகத் துப்பாக்கியைத் தொடவே மறுத்துப் படையில் மருத்துவ உதவியாளராக இருந்தார். 1945இல் ஒகினாவாவின் செங்குத்தான பாறைமேட்டில் அவர் பிரிவு பின்வாங்கிய பிறகும் அவர் மட்டும் மேலேயே தங்கி, காயம்பட்டவர்களை ஒருவர் ஒருவராகக் கயிற்றில் கட்டி விளிம்பிலிருந்து கீழே இறக்கினார். ஏறத்தாழ 75 பேர் என்று கணக்கு. அந்த ஆண்டு அக்டோபர் 12 அன்று குடியரசுத் தலைவர் ட்ரூமன், படைவீரருக்குத் தரப்படும் மிக உயர்ந்த பதக்கத்தை அவருக்கு அணிவித்தார். அதே சபையைச் சேர்ந்த, அதே நம்பிக்கை கொண்ட, கனடாவில் பிறந்த ஜேம்ஸ் ஜிருவார்ட் அப்போது குடியுரிமைக்காக வழக்காடிக்கொண்டிருந்தார். ஆயுதமற்ற பணி எதுவானாலும் செய்கிறேன் என்றும் அவர் சொல்லியிருந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஷ்விம்மர், மெக்கின்டாஷ் தீர்ப்புகளைக் காட்டி அவருக்கு எதிராகத் தீர்த்தது. நம்பிக்கையில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. ஒருவர் பிறந்த ஊர் எல்லைக்கு இந்தப் பக்கம், மற்றவர் பிறந்த ஊர் அந்தப் பக்கம். 22ஆம் கேள்வியை டாஸிடம் எவரும் கேட்டதில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஒரு நாடு என்பது பிழைத்திருந்தால்தான் மற்ற எல்லாமும். ஒவ்வொருவரும் தன் மனசாட்சியைக் காட்டி ஒதுங்கினால் படை ஏது, நாடு ஏது? இதைப் போரைப் பார்த்தவர்கள் சொல்லும்போது தலைகுனிந்து கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஷ்விம்மருக்கு ஆதரவாக மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹோம்ஸ் போரை நேரில் பார்த்தவர். உள்நாட்டுப் போரில் மூன்று முறை காயம்பட்டவர், அப்போது வயது 88. அந்த அம்மையாரின் நம்பிக்கைகள் சிலவற்றில் தனக்கு உடன்பாடில்லை என்று சொல்லிவிட்டுத்தான், நாம் வெறுக்கும் சிந்தனைக்கும் இடம் தருவதே சிந்தனைச் சுதந்திரம் என்றார். போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் இந்த நாட்டை உருவாக்கியதில் தங்கள் பங்கைச் செய்தவர்கள் என்பதையும் நினைவூட்டினார். நாடு அவர்களால் வீழ்ந்துவிடவில்லை. 1946 ஏப்ரல் 22 அன்று ஜிருவார்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் பழைய தீர்ப்புகளைப் புரட்டிப்போட்டபோது, நீதிபதி டக்ளஸ் போரை வென்றவர்களின் பட்டியலையே போட்டார்: பட்டறையில் நின்றவர்கள், சரக்குக் கப்பலோட்டியவர்கள், செவிலியர், காயம்பட்டவரைத் தூக்கியவர்கள், குருமார்கள். ஆயுதம் ஏந்தியவர்களோடு இவர்களும் சேர்ந்து காத்ததுதான் நாடு.

அந்தத் தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர்தான் வாக்களித்தார்கள். விடுபட்ட ஒருவர் ராபர்ட் ஜாக்சன். அவர் அந்த மாதங்களில் ஜெர்மனியில் இருந்தார், நாஜித் தலைவர்கள் மீதான நூரெம்பர்க் விசாரணையில் அமெரிக்காவின் தலைமை வழக்கறிஞராக. மேலிடத்து உத்தரவுப்படி நடந்தேன் என்பது குற்றத்திலிருந்து ஒருவரை விடுவிக்காது என்று அந்த நீதிமன்றத்தின் சாசனம் 8ஆம் பிரிவில் எழுதிவைத்திருந்தது. தன் நாட்டின் கட்டளை ஒரு பக்கமும் மனிதர் என்ற முறையில் தான் அறிந்த நியாயம் மறு பக்கமும் நின்றால் நியாயத்தின் பக்கம் நின்றிருக்க வேண்டும், நிற்காததற்குத் தூக்குத் தண்டனைகூட உண்டு என்று உலகத்தின் முன்னால் அமெரிக்கா வாதாடிக்கொண்டிருந்த அதே வசந்தத்தில்தான், அப்படி நிற்பேன் என்று முன்கூட்டியே சொன்ன ஒருவர் அதன் குடிமகன் ஆகலாமா என்ற கேள்வி வாஷிங்டனில் தீர்க்கப்பட்டது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, நிபந்தனையற்ற விசுவாசம்தான் நாட்டைக் காக்கும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நிபந்தனையற்ற விசுவாசம் ஒரு நாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கான சாட்சியங்கள் அப்போது நூரெம்பர்க்கில் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருந்தன.

சரி, மனசாட்சி என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மறுக்கலாமே, அதைத் தீயவர்களும் கேடயமாக்குவார்களே என்று கேட்கலாம். தீங்கு செய்ய நினைத்து வருகிறவர் படிவத்தில் என்ன எழுதுவார் என்று யோசித்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். அவர் ‘ஆம்’ என்றுதான் எழுதுவார், தயங்காமல் எழுதுவார். கேள்வி எண் 22 பிடித்துக்கொடுத்ததெல்லாம், பொய் சொல்லத் தெரியாதவர்களை மட்டுமே. பதரை உள்ளே வைத்துக்கொண்டு நெல்லை வெளியே புடைத்துத் தள்ளும் முறம் அது. சொல்லுக்கு முன் தயங்குகிறவர், சொன்னால் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பதால்தான் தயங்குகிறார். ஒரு நாட்டுக்கு அதைவிட நம்பகமான குடிமக்கள் எங்கே கிடைப்பார்கள்? அதோடு இன்னொன்று. ஆயுதம் ஏந்தும் விருப்பம்தான் உண்மையான அளவுகோல் என்றால், பகத் சிங் திண்டுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். பஞ்சாபிலிருந்து போன அவர் 1918இல் அமெரிக்கப் படையின் சீருடையை, தலைப்பாகையோடு, அணிந்தவர். 1923இல் உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் வெள்ளையர் அல்லர் என்று சொல்லி அவருடைய குடியுரிமையைத் தள்ளியது. அந்தத் தீர்ப்பை எழுதியவரும் சதர்லண்ட்தான், இங்கிலாந்தில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா வந்தவர். ஆயுதம் எடுத்தவருக்கும் இல்லை, எடுக்க மறுத்தவருக்கும் இல்லை.

இந்தச் சொற்களையெல்லாம் இவ்வளவு கனமாக எடுத்துக்கொள்ள வேண்டுமா, இது ஒரு சடங்குதானே என்பது இன்றைய காலத்தின் மறுப்பு. கனடாவில் இது நீதிமன்றத்திலேயே ஒலித்தது. அங்கே குடியுரிமைச் சத்தியம் அப்போது அரசியாருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசம் காட்டுவதாகச் சொல்லச் சொன்னது. அயர்லாந்திலிருந்து வந்த குடியரசுவாதி, இஸ்ரேலில் பிறந்த கணிதப் பேராசிரியர், ஜமைக்காவிலிருந்து வந்த, ரஸ்தஃபாரி சமயத்தைச் சேர்ந்த பெண் ஆகிய மூவர் முடியாது என்று வழக்குப் போட்டார்கள். 2014இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசி என்பது இங்கே ஒரு மனிதரைக் குறிக்கவில்லை, அரசமைப்பின் அடையாளம்தான் என்று விளக்கி வழக்கைத் தள்ளியது. சத்தியம் செய்த பிறகு முடியாட்சியை எதிர்த்துப் பேச அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்பதும் வழக்கில் சொல்லப்பட்டது. அந்தப் பேராசிரியர் 2015 நவம்பரில் சத்தியம் செய்தார், செய்த கையோடு அரசியார் பற்றிய பகுதியை மட்டும் மறுதலிக்கிறேன் என்று அறிவித்தார். அவர் நேர்மையாக நடந்துகொண்டார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சட்டம் அவரை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்று பாருங்கள். ஒரு மனிதர் குடிமகனாகச் செய்யும் முதல் காரியம், வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டு அதை அப்போதே திரும்பப் பெறுவது. சொல்லுக்கு அதன் நேர்ப்பொருள் வேண்டாம், சொன்னால் போதும் என்று ஒரு நாடு தன் புதிய பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடமாக அது ஆகிவிடுகிறது. அமெரிக்கச் சத்தியத்தில் மனதுக்குள் எதையும் ஒளித்துவைக்காமல் சொல்கிறேன் என்ற வாசகமும் உண்டு. அதைச் சொல்லவைத்துவிட்டு, இது சடங்குதான் என்று ஆறுதல் சொல்ல முடியாது.

பழைய விசுவாசத்தைத் துறக்கும் வாசகம் நம்மவர்களை நேரடியாகத் தொடுவது. இதுவரை குடிமகனாக இருந்த நாட்டின் மீதும் அரசின் மீதும் உள்ள விசுவாசம் முழுவதையும் அடியோடு துறக்கிறேன் என்று அமெரிக்கச் சத்தியம் தொடங்குகிறது. மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் பிரிட்டன்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். பிரிட்டன்காரர் வெளியே வரும்போதும் பிரிட்டிஷ் குடிமகன்தான். அவர் நாட்டுச் சட்டம் அந்த வாக்கியத்தைக் கண்டுகொள்வதில்லை. கோயம்புத்தூர்க்காரருக்கு, 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, இந்தியக் குடியுரிமை அந்த நாளோடு முடிகிறது. பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், வாக்கு இல்லை, 2005இலிருந்து கிடைக்கும் வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்துக்கொண்டு தாத்தாவின் ஊருக்குப் போகலாம், புதிதாக வயல் வாங்க முடியாது. ஒரே சொல் ஒருவருக்குக் காற்று, மற்றவருக்குக் கத்தி. அதைச் சொல்லும்போது பலருக்குத் தொண்டை அடைக்கிறது, ஏதோ தாயை மறுதலித்துவிட்டதுபோல ஒரு குற்றவுணர்ச்சி. இங்கே நம் மொழியே கொஞ்சம் குழப்புகிறது. விசுவாசம் என்ற சொல் தமிழில் எஜமானிடம் காட்டும் நன்றிக்கும் உண்டு, கிறிஸ்தவர்களின் இறைநம்பிக்கைக்கும் உண்டு, வெள்ளைக்காரன் காலத்து ராஜ விசுவாசத்துக்கும் உண்டு. சத்தியம் துறக்கச் சொல்வது அந்தக் கடைசி வகையை மட்டும்தான், அரசுக்கும் குடிக்கும் இடையிலான கட்டை. பற்றை, மொழியை, குலதெய்வத்தை, மார்கழிக் கோலத்தைத் துறக்கச் சொல்லும் அதிகாரம் எந்த அரசுக்கும் கிடையாது, அமெரிக்கச் சத்தியமும் அதைக் கேட்கவில்லை. குற்றவுணர்ச்சி கொள்கிறவர்கள் தாங்கள் கொடுக்காத ஒன்றைக் கொடுத்துவிட்டதாக எண்ணி வருந்துகிறார்கள்.

பிறந்த குடிகளிடமும் சத்தியம் கேட்ட நாடுகள் உண்டு. சந்தேகத்தால் கேட்கும்போது அது மிரட்டல் ஆகிவிடுகிறது: 1983இல் இலங்கை, தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களையும் அரசு ஊழியர்களையும் வழக்கறிஞர்களையும் சத்தியம் செய்யச் சொன்ன ஆறாம் திருத்தத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அதை எடுக்காமல் தங்கள் ஆசனங்களை இழந்தார்கள். ஆனால் சந்தேகம் இல்லாமலும் ஒரு நாடு சத்தியம் கேட்டிருக்கிறது. பழைய ஏதென்ஸில் 18 வயதான குடிமகன் ஒவ்வொருவனும் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் இருந்த அக்லாரஸ் தேவியின் சன்னதியில் ஆணையிட்டான். அதன் வாசகம் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் தோழனை விட்டு ஓட மாட்டேன் என்கிறது. ஆள்பவர்களுக்குக் கீழ்ப்படிவேன் என்றும் சொல்கிறது, ஆனால் அறிவோடு ஆள்பவர்களுக்கு என்று ஓர் அடைமொழி சேர்த்துத்தான் சொல்கிறது. மேரி பிளாண்ட் சேர்க்க விரும்பியதும் இத்தகைய ஓர் அடைமொழியைத்தான். ஏதென்ஸும் வந்தேறிகளை எளிதில் குடிமக்களாக்கிவிடவில்லை. குடிமகன் என்பவன் யார் என்று ‘அரசியல்’ நூலின் மூன்றாம் பகுதியில் ஆராய்ந்த அரிஸ்டாட்டிலே அந்த நகரத்தில் வாக்குரிமை இல்லாத வெளியூர்க்காரராகத்தான் வாழ்ந்தார். ஆனால் தன் பிள்ளைகளிடம் கேட்ட சத்தியத்தில் அவர்கள் புத்தி விழித்திருக்க இடம் விட்டிருந்தது.

எப்படிக் கேட்பது என்பதற்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. ஆஸ்திரேலியா 1994இல் தன் உறுதிமொழியிலிருந்து அரசியாரை எடுத்துவிட்டது. நாட்டுக்கும் அதன் மக்களுக்கும் விசுவாசம், உரிமைகளுக்கு மதிப்பு, சட்டத்துக்குக் கட்டுப்பாடு என்று சொல்லவைக்கிறது. கடவுளின் பெயரோடும் சொல்லலாம், இல்லாமலும் சொல்லலாம். மக்களுக்கு என்ற அந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. மக்களாட்சி நம்பிக்கைகளைப் பகிர்ந்துகொள்கிறேன் என்று உள்ளத்தின் நம்பிக்கையையும் சேர்த்துச் சொல்லவைப்பதுதான் இடறுகிறது. அதற்கு மதிப்புத் தருவேன் என்றாலே போதுமே. அமெரிக்காவும் மாறியது. 1950களின் தொடக்கத்திலிருந்து சட்டம் மூன்று வழிகளைத் தருகிறது: ஆயுதம் ஏந்துவது, படையில் ஆயுதமற்ற பணி, அதுவும் முடியாதவருக்குப் பொதுமக்கள் மேற்பார்வையில் நாட்டுக்கு வேண்டிய வேலை. ஆயுதம் ஏந்த மறுப்பவர் தன் சமயப் பயிற்சியையும் நம்பிக்கையையும் தெளிவான சான்றோடு காட்ட வேண்டும். 2013இல் டெக்சாஸில் ஆயுதம் ஏந்த மறுத்த ஒரு நாத்திகப் பெண்ணிடம் சர்ச்சிலிருந்து கடிதம் வேண்டும் என்று முதலில் கேட்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பிறகு அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டது; அவர் குடிமகள் ஆனார். கடவுளைச் சாட்சி வைக்காதவருக்கும் சுடும் நெஞ்சு ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் பிடித்தது.

ரோசிக்கா ஷ்விம்மரும் நாத்திகர்தான், வழக்கில் தானே அதைச் சொல்லியிருந்தார். தேசிய உணர்வு எனக்கு இல்லை, மனிதக் குடும்பத்தைச் சேர்ந்தவள் என்ற உணர்வுதான் உண்டு என்று அவர் சொன்னதை நீதிமன்றம் அவருக்கு எதிராகவே எடுத்துக்கொண்டது. அவரைத் தள்ளிய தீர்ப்பு 1946இல் செல்லாததாயிற்று. 1948இல் அமைதிக்கான நோபெல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்தது; அந்த ஆண்டு அப்பரிசு எவருக்கும் தரப்படவில்லை. அதே 1948இல் அவர் நியூயார்க்கில் இறந்தார், எந்த நாட்டின் குடிமகளாகவும் இல்லாமல்.